கியர் விழாத பழைய சைக்கிள்: திருப்புளியை எடுக்கும் முன் பல்லை எண்ணுங்கள்

பழைய கியர் சைக்கிளை மலிவாக வாங்கி வருபவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "நாலாவது கியர் வரைக்கும் நல்லா விழுது, அதுக்கு மேல கடகடன்னு சத்தம்." சொன்ன கையோடு திருப்புளியை எடுத்து, பின் டீரெய்லரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கருவி) இருக்கும் இரண்டு சின்னத் திருகுகளைத் திருக ஆரம்பிக்கிறார்கள். பாதிச் சைக்கிள்கள் இந்த இடத்தில்தான் மேலும் கெடுகின்றன.

அந்த இரண்டு திருகுகளும் வயலுக்குப் போட்ட வேலி மாதிரி. எச் என்று குறித்தது, செயின் சின்னப் பல்லை (பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைத்தான் இங்கே பல் என்கிறோம்) தாண்டி ஃபிரேம் பக்கம் விழாமல் தடுக்கிறது. எல் என்று குறித்தது, பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்கில் சிக்காமல் தடுக்கிறது. இடையில் இருக்கும் கியர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. செயின் எந்தப் பல்லில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது, ஹேண்டில்பாரில் இருக்கும், கியர் மாற்றும் ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு ஒயரை இழுக்கிறது என்பதுதான்.

அதனால் முதல் வேலை எண்ணுவது. பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் அடுக்கிய ஃப்ரீவீலில் எத்தனை பல்சக்கரம்? வலது கை ஷிஃப்டரில் எத்தனை நிலை? இரண்டும் ஒன்றாக இல்லாத சைக்கிள்கள் ஏராளம். ஷிஃப்டர் உடைந்தபோது கடையில் அன்றைக்குக் கையில் இருந்ததை யாரோ மாட்டியிருப்பார்கள். ஷிஃப்டரில் அச்சடித்த எண்ணையும் நம்ப வேண்டாம். டீரெய்லர் முனையில் ஒயரைக் கழற்றிவிட்டு, அதைக் கையால் இழுத்துப் பிடித்தபடி கிளிக்கைக் காதால் எண்ணுங்கள். ஏழு நிலைக்கு ஆறு கிளிக் கேட்க வேண்டும்.

எண் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பது எளிய கணக்கு. ஆறு கியர் ஃப்ரீவீலில் ஒரு பல்லின் மையத்திலிருந்து அடுத்த பல்லின் மையம் சுமார் 5.5 மி.மீ. ஏழு கியரில் 5 மி.மீ. எட்டில் 4.8 மி.மீ. ஆறு பல் ஃப்ரீவீலுக்கு ஏழு நிலை ஷிஃப்டரைப் போட்டால், ஐந்து கிளிக்கில் டீரெய்லர் 25 மி.மீ. நகரும். நகர வேண்டியதோ 27.5 மி.மீ. கடைசிப் பல்லில் 2.5 மி.மீ. பற்றாக்குறை, அதாவது கிட்டத்தட்ட அரைப் பல் தூரம். ஒரு முனையில் சரி செய்தால் மறுமுனை கெடும். நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சமாளித்தாலும் இரு முனையிலும் 1.25 மி.மீ. பிசகு மிஞ்சும், சத்தம் போகாது. எத்தனை மணி நேரம் திருகினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஏழு பல்லுக்கு எட்டு நிலை ஷிஃப்டர் மட்டும் விதிவிலக்கு: மொத்தப் பிசகு 1.2 மி.மீ.தான். நடுக் கியரில் வைத்துச் சரி செய்தால் ஓடும், ஒரு கிளிக் சும்மா கிடக்கும்.

எண் பொருந்தியும் கியர் விழவில்லையா? ஷிஃப்டரும் டீரெய்லரும் ஒரே வம்சமா என்று பாருங்கள். ஷிமானோவின் டூர்னி, ஆல்டஸ், அசெரா போன்ற ஆறு, ஏழு, எட்டு கியர் டீரெய்லர்கள் ஒயர் 1 மி.மீ. இழுபட்டால் சுமார் 1.7 மி.மீ. நகரும். இவற்றுக்குள் மாற்றிப் போடலாம். ஸ்ராமின் எக்ஸ் வரிசை டீரெய்லர்கள் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று நகரும். ஸ்ராம் ஷிஃப்டரை ஷிமானோ டீரெய்லரோடு கட்டினால் ஒரு கிளிக்குக்கே செயின் ஒரு பல்லைத் தாண்டிக் குதிக்கும்.

மாற்றுவது என்று வந்தால் எதை மாற்றுவது? எங்கள் கருத்து, ஷிஃப்டரை. "ஏழு பல்லா மாத்திருங்க, ஸ்பீடு கூடும்" என்று ஆறு பல் சைக்கிளுக்கு ஏழு பல் ஃப்ரீவீல் வாங்குபவர்கள், அது இரண்டரை மி.மீ. அகலம் கூடியது என்பதை மறந்துவிடுகிறார்கள். சின்னப் பல்லில் செயின் ஓடும்போது ஃபிரேமில் உரசும். பிறகு ஆக்சிலில் வாஷர் போட்டு, ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு வேலை நாலு வேலையாகும். பொருந்தும் ஷிஃப்டர் கிடைக்கவில்லை என்றால் கிளிக் இல்லாத ஃப்ரிக்‌ஷன் ஷிஃப்டர் போடுங்கள். அது எந்த ஃப்ரீவீலோடும் ஓடும். காதால் கேட்டு நிறுத்தப் பழக ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான். கட்டைவிரலால் தள்ளும் பழைய தம்ப் ஷிஃப்டர் சிலவற்றில் கிளிக்கை நிறுத்திவைக்கும் குமிழே இருக்கும். அதைக் கவனிக்காமல் கழற்றிப் போடுபவர்களும் உண்டு.

இனி ஒயர். பெரிய பல்லுக்கு ஏறும்போது உங்கள் விரல் ஒயரை இழுக்கிறது. சின்னப் பல்லுக்கு இறங்கும்போது இழுக்க யாரும் இல்லை, டீரெய்லரின் ஸ்பிரிங் மட்டும்தான். ஆகவே ஏறுவது நன்றாக இருந்து இறங்குவது மட்டும் சோம்பினால், ஒயர் அவுட்டருக்குள், அதாவது அதை மூடியிருக்கும் உறைக்குழாய்க்குள், பிடிக்கிறது என்று பொருள். ஏறுவதும் இறங்குவதும் ஒரு முனையில் சரி, மறுமுனையில் பிசகு என்றால் மேலே சொன்ன எண் பொருந்தாமை. எல்லாக் கியரிலும் ஒரே அளவு பிசகு என்றால் ஒயரின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பேரல் அட்ஜஸ்டரைத் திருகினால் போதும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் கை வைப்பதுதான் நேரத்தைத் தின்னும் தவறு.

மதுரை வெயிலில் நின்ற சைக்கிளின் அவுட்டர் பிளாஸ்டிக் வெடித்திருக்கும், உள்ளே தூசியும் துருவும் சேர்ந்திருக்கும். எண்ணெய் ஊற்றிப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள். தேங்காய் எண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒயரையும் அவுட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர் ஒயர் 1.2 மி.மீ., பிரேக் ஒயர் 1.5 அல்லது 1.6 மி.மீ. கியர் அவுட்டர் 4 மி.மீ., உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக் அவுட்டர் 5 மி.மீ., உள்ளே கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். கடையில் கியருக்கும் பிரேக் அவுட்டரை வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்: இழுக்கும்போது அது அமுங்கும், கிளிக்கின் அளவு பாதியிலேயே கரைந்துவிடும். இதைத் தலைகீழாகச் செய்வது ஆபத்து. பிரேக்குக்குக் கியர் அவுட்டரைப் போட்டால், அழுத்திப் பிடிக்கும் நேரத்தில் அது பிளந்துகொள்ளும்.

வெட்டிய முனை நசுங்கியிருந்தால் ஆணியால் வாயைத் திறந்து, மூடி போட்டு மாட்டுங்கள். டீரெய்லருக்குப் போகும் கடைசி வளைவைச் சிக்கனம் பார்த்துக் குறுக்காதீர்கள். ஒயரைக் கட்டும் போல்ட்டில் ஒரு பள்ளம் இருக்கும், ஒயர் அதில்தான் படுக்க வேண்டும். போல்ட்டின் மறுபக்கம் கட்டினால் நெம்புகோலின் நீளம் மாறி, பொருந்திய ஷிஃப்டரே பொருந்தாததுபோல் நடிக்கும்.

செயினில் இரண்டு தவறு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் போன்ற கியர் இல்லாத வண்டியின் செயினை எடுத்து இதில் போடுவது ஒன்று. அது அகலமானது, பக்கத்துப் பல்லில் உரசும். ஆறு, ஏழு, எட்டு கியர் என்று எழுதியதையே கேளுங்கள். இன்னொன்று, தேய்ந்த செயினின் நழுவலைக் கியர்க் கோளாறு என்று நினைப்பது. எஃகு ஸ்கேலை ஒரு பின்னின் மையத்தில் வைத்து 24 பின் தள்ளி அளந்தால் புதுச் செயின் 304.8 மி.மீ. இருக்கும். 306.4 வந்தால் செயினை மாற்றும் காலம். 308 தொட்டிருந்தால் ஃப்ரீவீலும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் ஏற்றத்தில் மிதிக்கும்போது நழுவும்.

டீரெய்லர் தொங்கும் கொக்கியான ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்க்கோட்டில் தொங்க வேண்டும். சைக்கிள் வலது பக்கம் விழுந்திருந்தால் கீழ்ச்சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கும். இரும்பு ஹேங்கரை மெதுவாக நிமிர்த்தலாம். அலுமினியத்தை இரண்டு மூன்று முறை வளைத்தால் உடையும். ஆக்சில் நட்டோடு சேர்த்துக் கட்டும் வகை ஹேங்கர் என்றால், சக்கரம் கோணலாக உட்கார்ந்திருந்தாலே இதே குறை வரும். முதலில் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை நேராக்குங்கள்.

எல்லாம் பொருந்திய பிறகுதான் திருப்புளி. ஷிஃப்டரைக் கடைசி வரை இறக்கி, செயினைச் சின்னப் பல்லில் விடுங்கள். ஒயரை இன்னும் கட்ட வேண்டாம். பேரல் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். மேல் குட்டிச் சக்கரம் சின்னப் பல்லுக்கு நேர் கீழே வரும்படி எச் திருகை வையுங்கள். ஒயரைக் கையால் இழுத்துத் தொய்வில்லாமல் கட்டுங்கள். பெடலைச் சுற்றியபடி ஒரு கிளிக்: இரண்டாவது பல்லுக்கு ஏறத் தயங்கினால் பேரலைப் பின்னாலிருந்து பார்க்கும்போது இடப்பக்கமாகக் கால் சுற்று, மூன்றாவதில் போய் உரசினால் வலப்பக்கமாகக் கால் சுற்று. கடைசியில் டீரெய்லரைக் கையால் பெரிய பல் வரை தள்ளி, அதற்கு மேல் போகாதபடி எல் திருகை நிறுத்துங்கள். இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். ஸ்போக்கில் செயின் சிக்கினால் டீரெய்லரே பிய்ந்து வரும்.

முன் கியரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. செயினைத் தள்ளும் முன் டீரெய்லர் கூண்டுக்கும் பெரிய செயின் வீல் பல்லுக்கும் இடையில் 1 முதல் 3 மி.மீ., இரண்டும் இணையாக, அவ்வளவுதான். மாசி வீதிகளுக்கும் கோரிப்பாளையத்துக்கும் போய்வரும் சைக்கிளுக்கு முன் கியரே தேவையில்லை. மக்கர் செய்தால் கழற்றிவிட்டு நடுச் செயின் வீலில் ஓட்டலாம். சிறுமலை, கொடைக்கானல் பக்கம் ஏறுபவர்களுக்கு மட்டும் அது வேண்டும்.

ஸ்டாண்டில் நிறுத்திச் சுற்றும்போது எல்லா சைக்கிளும் ஒழுங்காகத்தான் நடக்கும். தெப்பக்குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றி எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள், பிறகு ஒரு பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதியுங்கள். புது ஒயரும் அவுட்டரும் படிந்து ஒயர் கொஞ்சம் தொய்யும். முதல் வாரக் கடைசியில் பேரலை அரைச் சுற்று இடப்பக்கம் திருக வேண்டியிருக்கும்.