பழைய சந்தாவை இன்னும் ரத்து செய்யாதீர்கள்: ஏஐ குரல் சேவை மாறுவது எப்படி

எழுதிக் கொடுத்ததை ஏஐ குரலில் வாசித்துத் தரும் சேவையை மாற்றும்போது, புதியதுக்குப் பணம் கட்டியதுமே பழையதை ரத்து செய்யத்தான் கை போகும். நான் அப்படித்தான் செய்தேன். கதை சொல்லும் சேனலுக்காக என் குரலையே குளோன் செய்து, அதாவது ஏஐ என் குரலிலேயே பேசும்படி நகலெடுத்து வைத்திருந்தேன், சந்தா முடிந்த மறுநாள் பார்த்தால் அந்தக் குரல் பட்டியலிலேயே இல்லை, சரி மறுபடி செய்துகொள்ளலாம் என்று தேடினால் முதலில் கொடுத்த ஒலிப்பதிவு பழைய ஃபோனோடு போயிருந்தது. அதனால் ஒரு மாதமாவது இரண்டு சேவையும் சேர்ந்து ஓடட்டும். அந்தப் பணம் தண்டம் இல்லை.

குளோன் செய்த குரலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தச் சேவையின் ஏஐ மாடலுக்கு மட்டும் புரிகிற வெறும் எண்கள் அவை. உங்கள் கையில் இருக்க வேண்டியது மூலப் பதிவு: ஃபேனை அணைத்துவிட்டு, பின்னணி இசை இல்லாமல், சுருக்கப்படாத வேவ் (WAV) ஃபைலாக. எலெவன்லேப்ஸ் என்ற குரல் சேவையில் உடனடி குளோனுக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும், புரொஃபஷனல் குளோன் என்றால் குறைந்தது 30 நிமிடம் வேண்டும். பழைய சேவை பேசிய ஆடியோவையே புதியதுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தது மாதிரிதான் வரும். குரல் உங்களுடையது இல்லை, ஒரு நண்பருடையது என்றால் அவரிடம் புதிதாகச் சம்மதம் வாங்குங்கள், எழுத்தில். போன தடவை சரி என்றது போன சேவைக்கு.

ரெடிமேட் குரல் போதும் என்பவர்களுக்கு வேலை குறைவு. ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் அசூரில் இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர், இலங்கைக்குச் சரண்யா, குமார், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு, மலேசியாவுக்குக் கனி, சூர்யா என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். கூகுள், எலெவன்லேப்ஸ், சர்வம் ஆகியவற்றிலும் தமிழ் உண்டு. டெமோ பக்கத்தில் அவர்கள் வைத்திருக்கும் வாக்கியத்தைக் கேட்டு மயங்க வேண்டாம், உங்களை அதிகம் படுத்திய ஸ்கிரிப்ட் எதுவோ அதைக் கொடுங்கள்.

உண்மையான தலைவலி உச்சரிப்புதான். நம் எழுத்தில் பட்டுக்கும் பஜ்ஜிக்கும் ஒரே ப, தங்கத்துக்கும் தர்மத்துக்கும் ஒரே த. நாம் பழக்கத்தில் படித்துவிடுகிறோம், மாடல் ஊகிக்கிறது, ஒவ்வொரு மாடலும் வேறு இடத்தில் கோட்டை விடுகிறது. நாட்டிய விமர்சனத்தில் வருகிற 'பாவம்' ஐயோ பாவம் ஆகிவிடும். பழைய சேவையைச் சரியாகப் பேச வைக்க வேண்டுமென்றே சில சொற்களைத் தப்பாக எழுதி வைத்திருப்பீர்கள் இல்லையா, அதே தந்திரம் புதியதில் அசிங்கமாகக் கேட்கும். ஆகவே ஒழுங்கான மூல ஸ்கிரிப்ட் ஒன்று, சேவைக்கேற்ற பிரதி ஒன்று, கூடவே எந்தச் சொல்லை எங்கே எப்படி எழுதினோம் என்று ஒரு எக்செல் ஷீட். எண்களை எழுத்திலேயே எழுதிவிடுங்கள்: 1,50,000 என்று விடாமல் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். கி.மீ., ரூ. போன்றவற்றையும் விரித்துவிடுங்கள்.

எங்கே நிறுத்திப் பேச வேண்டும் என்று ஸ்கிரிப்டில் போடும் இடைவெளிக் குறிகளும் அப்படியே பொருந்தாது. இந்தக் குறிகளுக்கான எஸ்எஸ்எம்எல் (SSML) என்ற குறிமொழி 2004-லேயே பொதுத் தரமாக வந்துவிட்டது, இருந்தும் எல்லாரும் அதில் தங்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எலெவன்லேப்ஸின் பழைய மாடல்களில் பிரேக் டேக் என்ற நிறுத்தக் குறி அதிகபட்சம் 3 நொடி, வி3 மாடலில் அது செல்லவே செல்லாது. ஸ்டெபிலிட்டி (குரல் எவ்வளவு சீராக ஒலிக்க வேண்டும் என்ற அளவு), வேகம் எல்லாம் பழைய எண்ணை அப்படியே போடாமல் காதால் கேட்டு வையுங்கள்.

அப்புறம் செலவு. பல சேவைகள் எழுத்துக் கணக்கில்தான் பணம் வாங்கும், ஆனால் கணினி எண்ணுகிற எழுத்து வேறு. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் 5 குறி, சேமிப்பு அளவில் 15 பைட். கூகுள் கிளவுட்டில் ஒரு தடவைக்கு 5,000 பைட்தான் அனுப்பலாம் என்பதால் சுமார் 1,600 குறிகளிலேயே தமிழ் முட்டி நின்றுவிடும். ஸ்கிரிப்டைப் பத்தி முடிகிற இடத்தில் வெட்டுங்கள், நடு வாக்கியத்தில் வெட்டினால் ராகம் அறுந்துவிடும். போன மாத ஸ்கிரிப்டுகளை மொத்தமாக எண்ணிப் பார்த்துப் பிளான் எடுங்கள், திரும்பத் திரும்ப ஜெனரேட் செய்வதற்கும் சேர்த்து. வீடியோவில் காசு பார்க்கிறீர்கள் என்றால் இலவசப் பிளானை நம்பாதீர்கள், எலெவன்லேப்ஸ் இலவசக் கணக்கில் வணிக உரிமை கிடையாது.

ஒரு தொடரின் நடுவில் குரலை மாற்ற வேண்டாம், கேட்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். வேறு வழியில்லை என்றால் ஒலி அளவையாவது ஒன்றாக்குங்கள், யூடியூபுக்கு மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, ஒலியின் சத்தத்தை அளக்கும் அலகு) சரியாக இருக்கும்.

எல்லாம் பழகிய பிறகு, பழைய ஆடியோ முழுவதையும் ரசீதுகளையும் இறக்கிக்கொண்டு, அப்போது ரத்து செய்யுங்கள். ரத்து செய்வது வேறு, குரலை நீக்குவது வேறு. என் பட்டியலிலிருந்து மறைந்தது அவர்கள் சர்வரிலிருந்தும் போய்விட்டதா என்று மெயில் போட்டுத்தான் கேட்டேன். நீங்களும் மெயில் போட்டு நீக்கச் சொல்லுங்கள், வங்கி ஆப்பில் ஆட்டோபேயையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.