வைட்டமின் டி-க்கு யார் வெயிலில் நிற்கலாம், யாருக்கு மாத்திரை

ரத்தத்தில் வைட்டமின் டி நிறைய இருந்தால் தோல் புற்றுநோய் அண்டாது என்று நம்ப வேண்டாம். தோலில் டி-யை உண்டாக்கும் புறஊதா பி கதிர்தான் தோல் செல்லின் டி.என்.ஏ.வையும் சிதைக்கிறது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில், தினம் 2,000 யூனிட் டி மாத்திரை எடுத்தும் புற்றுநோய் வருவது குறையவில்லை. டி எலும்புக்குத் தேவை. அதற்காக மட்டும் அளவைச் சரிசெய்யுங்கள்.

25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்பதுதான் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. சில ரிப்போர்ட்டுகளில் நானோமோல் கணக்கில் இருக்கும்; அதை 2.5-ஆல் வகுத்துப் பாருங்கள். அங்கே 50 என்றிருந்தால் இங்கே 20தான்.

மாநிறமோ கறுப்போ ஆனவர்கள் வெயிலில் நிற்கலாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் பார்த்து, கை கால்களில் 20–30 நிமிடம் வெயில் படட்டும். முகத்துக்குத் தொப்பி போதும். நிழல் நீண்டு விழும் அதிகாலை வெயிலில் டி அதிகம் உருவாகாது. மூடிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்வது இன்னும் வீண்: பி கதிர் உள்ளே வராது, தோலைக் கெடுக்கும் ஏ கதிர் வரும். மணிக்கணக்கில் நின்றாலும் லாபமில்லை. ஓரளவுக்குமேல் உருவாகும் டி-யை வெயிலே சிதைத்துவிடும், டி.என்.ஏ. சேதம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

பிறவியிலேயே நிறமிக் குறைபாடு உள்ளவர்கள், ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்தவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் டி-க்காக வெயிலில் நிற்கவே கூடாது. இவர்களுக்கு மாத்திரைதான். பெரியவர்களுக்குத் தினத் தேவை 600 யூனிட், 70 வயதுக்குமேல் 800. குறைபாடு இருந்தால் டாக்டர்கள் பெரும்பாலும் 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்றாக 8 வாரத்துக்கு எழுதுவார்கள். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் மதியச் சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்றாக எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல் என ஆரம்பித்துச் சிறுநீரகம் வரை கெடும்.

கறுத்த தோலில் மெலனோமா (நிறமி செல்லில் தொடங்கும் ஆபத்தான தோல் புற்றுநோய்) அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும். அதற்கும் வெயிலுக்கும் தொடர்பு குறைவு. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. மாதம் ஒருமுறை பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடு இருப்பது நமக்குச் சாதாரணம். ஒரே நகத்தில் கோடு புதிதாகத் தோன்றி அகலமானால், அல்லது கறுப்பு நகக்கண் தோலுக்குப் பரவினால், உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அடிபட்ட ரத்தக்கட்டா என்ற சந்தேகமா? ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், மெலனோமா நகராது.