காது கேளாத குழந்தையை வளர்ப்பவர்கள் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களின் பெற்றோர் நன்றாகக் காது கேட்பவர்களே. அதனால் பெரும்பாலான வீடுகளில், அந்தக் குழந்தைதான் குடும்பத்தார் நெருங்கிப் பழகும் முதல் காது கேளாத மனிதராக இருக்கிறது. வேண்டிய தகவல் அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்காது என்பதை முதலிலேயே மனதில் கொள்ளுங்கள். மருத்துவர் காதை அறிவார், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் காது கேட்கும் கருவியை அறிவார், ஆசிரியர் படிப்பை அறிவார். காது கேளாமலே வளர்ந்து ஆளானவர் மட்டுமே அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிவார். இவர்களில் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது.

முதல் வேலை, பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவது. பிறந்த 1 மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தும் சோதனை, 6 மாதத்துக்குள் கருவி, பயிற்சி முதலியவற்றின் தொடக்கம் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் கால அளவு. அது கடந்துவிட்டிருந்தால், அடுத்த கட்டத்துக்கு இன்றே நாள் கேளுங்கள். கேட்கும் திறனைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் சிவப்பு வட்டம் வலது காதையும், நீலப் பெருக்கல் குறி இடது காதையும் காட்டும். குறி கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு. வலப்பக்கம் செல்லச் செல்ல ஒலியின் சுருதி கூடும். வலப்பக்கத்தில் மட்டும் குறிகள் சரிந்திருந்தால், கூப்பிட்டவுடன் திரும்பும் குழந்தைக்கும் ‘ஸ’ போன்ற ஒலிகள் எட்டாமல் போகலாம். ‘திரும்பிப் பார்க்கிறானே’ என்று வீட்டில் ஆறுதல் கொள்வதால்தான் பல குழந்தைகளுக்குக் காலம் வீணாகிறது. குறைபாடு எந்த வகை, காலப்போக்கில் கூடுமா, காரணம் என்ன என்றும் கேளுங்கள். கருவிலேயே தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ் ஒரு காரணமாக இருக்கலாம். பிறந்த 3 வாரத்துக்குள் உமிழ்நீரையோ சிறுநீரையோ சோதித்தால்தான் அதைத் தெளிவாகச் சொல்ல முடியும். சில மரபணுக் காரணங்கள் பின்னாளில் பார்வையையும் பாதிக்கும் என்பதால், கண் பரிசோதனையும் அவசியம்.

கருவி பொருத்துபவரிடம், விலையோடு பராமரிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை வளர வளரக் காதுக்குள் பொருந்தும் அச்சு தளர்ந்து, கருவி ‘கீ’ என்று கூவத் தொடங்கும். அப்போது புதிய அச்சு எடுக்க வேண்டும். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், பூட்டுள்ள பேட்டரி மூடியைக் கேட்டு வாங்குங்கள். செவி நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவியை உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்வதானால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு கருவியின் அளவைச் சீரமைக்க எத்தனை முறை வரவேண்டும், பயிற்சி எங்கே கிடைக்கும், உதிரிபாகங்களுக்கு என்ன செலவாகும் என்பவற்றை எழுதி வாங்கிய பின்பே முடிவெடுங்கள்.

இந்த முடிவுகள் எல்லாம் நடக்கும்வரை மொழி காத்திருக்கக் கூடாது. முதல் சில ஆண்டுகளில் ஏதேனும் ஒரு மொழி முழுமையாகக் கிடைக்காவிட்டால், அந்த இழப்பைப் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம். சைகை மொழி கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். 1880-இல் மிலன் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் வகுப்பறைகளிலிருந்து சைகை மொழியை விலக்கத் தீர்மானித்தது. அதே மாநாட்டின் வழிவந்த கூட்டம் 2010-இல் வான்கூவரில் அத்தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. தனக்கேயுரிய இலக்கணம் கொண்ட சைகை மொழி பேச்சைக் கெடுப்பதில்லை. கருவி பொருத்திய குழந்தைக்கும் அது துணையாகவே இருக்கும். வீட்டில் தொடங்க எளிய வழி ஒன்று உண்டு: குழந்தை பொம்மையைப் பார்க்கும்போது உடனே பேசாமல், அது கண்ணெடுத்து உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை பொறுத்திருந்து, பிறகு பொம்மைக்கான சைகையைக் காட்டிச் சொல்லையும் சொல்லுங்கள். பொம்மையையும் முகத்தையும் ஒரே நேரத்தில் அதனால் பார்க்க முடியாது.

சைகை மொழியை யாரிடம் கற்பது? அதையே தாய்மொழிபோல் பயன்படுத்தும் காது கேளாதவர்களிடம் கற்பதே சிறந்தது. 1951-இல் தொடங்கப்பட்ட உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பில் ஏராளமான நாடுகளின் தேசியச் சங்கங்கள் உறுப்பினர்களாக உள்ளன. உங்கள் நாட்டுச் சங்கத்தின் வழியாக உள்ளூர்க் குழுக்களையும் வகுப்புகளையும் கண்டறியலாம். அங்கே சந்திக்கும் பெரியவர்களிடம், பள்ளியில் எது உதவியது, வீட்டில் எது வலித்தது என்று மனம்விட்டுக் கேளுங்கள். ‘சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், என்னவென்று கேட்டால் அப்புறம் சொல்கிறேன் என்பார்கள்’ என்பது அவர்களில் பலர் பகிரும் அனுபவம். எந்த மருத்துவ அறிக்கையிலும் அது இருக்காது. மற்ற பெற்றோரிடம் பேசும்போது, உங்கள் குழந்தையைவிடச் சில வயது மூத்த பிள்ளைகளின் பெற்றோரைத் தேடுங்கள். அடுத்து வரப்போவது என்ன என்பதை அவர்களால் சொல்ல முடியும்.

உதவித்தொகை, சான்றிதழ் ஆகியவற்றுக்கு மருத்துவமனையின் சமூகப் பணியாளரை அணுகலாம். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, சைகை மொழி கற்பதற்கு வழிசெய்யுமாறு உறுப்பு நாடுகளைப் பணிக்கிறது என்பதைக் கல்வி அதிகாரிகளிடம் பேசும்போது சொல்லுங்கள். பள்ளியில் சேர்க்கும் முன், அங்கே காது கேளாத பிள்ளைகள் வேறு எத்தனை பேர் படிக்கிறார்கள், சைகை அறிந்த ஆசிரியர் உண்டா, கரும்பலகையை நோக்கித் திரும்பியபடியே பாடம் நடத்தும் வழக்கம் உண்டா என்பவற்றை வகுப்பறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.