பெங்களூர் வசந்தம்: வேலைக்குப் போகும் ஜோடிகளுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மூர் ஜோடிகள் பலருக்கு இந்த ஊர் என்றால் ஆபீஸ், வீடு, நடுவில் ட்ராஃபிக், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மடிவாளாவில் நின்று ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள், ஏறாதவர்கள் சனி ஞாயிறு தூங்கி எழுந்து ஏதாவது ஒரு ஷாப்பிங் மாலைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஜனவரியில் இருந்து மே வரை இந்த ஊர் பூத்துக் கிடக்கிற அழகை ஒரு வருஷமாவது இரண்டு பேரும் சேர்ந்து முழுசாகப் பார்த்துவிடுங்கள். அதற்கு லீவு போட வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். காய் வாங்கப் போவது, ஆபீஸ் விட்டு வருவது, துணி துவைப்பது என்று எப்படியும் செய்தாக வேண்டிய வேலைகளோடு சேர்த்தே செய்துவிடலாம், அதை எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன்.

எந்த மரம் எப்போது

இங்கே வசந்தம் ஒரே வாரத்தில் வந்து போகிற சமாச்சாரம் இல்லை. ஒரு மரம் ஓய்ந்தால் அடுத்தது ஆரம்பிக்கும். அது தானாக அமைந்ததும் இல்லை. 1908இல் லால்பாக் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ஜெர்மன்காரர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல், வருஷம் முழுக்க ஊரில் ஏதாவது ஒரு மரம் பூத்தபடி இருக்க வேண்டும் என்று, வெவ்வேறு மாதங்களில் பூக்கிற மரங்களாகப் பார்த்து நட வைத்தார். அப்புறம் 1980களில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹாள் தெருத் தெருவாக லட்சக்கணக்கில் கன்றுகள் வைத்தார். இன்றைக்கு ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ நிழலில் நடந்து போகிறோம் என்றால் இந்த மாதிரி ஆட்கள் செய்த புண்ணியம்.

மாதக் கணக்கைத் தோராயமாக மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஜனவரி, பிப்ரவரியில் இளஞ்சிவப்பு டபேபுயா. பிப்ரவரி கடைசி, மார்ச்சில் மஞ்சள் டபேபுயா. அதே சமயத்தில் புங்க மரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் தளிர் விடும், அந்தப் பளபளக்கும் இளம்பச்சை எந்தப் பூவுக்கும் குறைந்ததில்லை, பலர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் ஊதா நிற ஜகரண்டா, கூடவே தூங்குமூஞ்சி மரத்தின் பஞ்சு மாதிரிப் பூக்கள். ஏப்ரல், மே வந்தால் குல்மொஹரும் சரக்கொன்றையும். மழையைப் பொறுத்து இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே ஆகும், அதனால் தேதி குறித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஆபீஸ் போகிற வழியில் ஒரு மரத்தைப் பார்த்து வையுங்கள். அது பூத்துவிட்டால் மற்ற இடங்களிலும் ஏறக்குறைய பூத்திருக்கும்.

இளஞ்சிவப்பு டபேபுயாவுக்கு மட்டும் தனியாக ஒரு விடிகாலை ஒதுக்குங்கள். பூக்கிற சமயத்தில் மரத்தில் இலையே பெரும்பாலும் இருக்காது, கிளை முழுக்கப் பூங்கொத்துதான். ஒவ்வொரு பூவும் குழல் போல நீண்டு, ஓரம் கசங்கிய மெல்லிய துணி மாதிரி மடிந்து, உள்ளே தொண்டையில் மஞ்சள் தீற்றலோடு இருக்கும். இதழ் இதழாக உதிராது, முழுப் பூவாகக் கழன்று விழும், அதனால் நடைபாதை அப்படியே விரிப்புப் போட்டது போல ஆகிவிடும். ஆனால் தெருப் பெருக்கும் பௌரகார்மிகர்கள் காலையிலேயே வந்து கூட்டிவிடுவார்கள். அவர்கள் வருவதற்குள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். விழுந்த பூ ஈரத்தில் வழுக்கும், டூவீலரில் பூ மேல் பிரேக் போடாதீர்கள். போட்டோவுக்காகக் கிளையைப் பிடித்து உலுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இடம் என்று கேட்டால் வைட்ஃபீல்ட் பக்கம் இருப்பவர்களுக்குக் குண்டலஹள்ளி ஏரி, மற்றவர்களுக்குக் கப்பன் பார்க், ஜெயநகர். பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை குண்டலஹள்ளி ஏரிக்கரையில் கேமராக் கூட்டம் தாங்காது. வேலைநாளில் காலை ஆறரைக்குப் போய்விட்டு ஏழரைக்கு வீடு திரும்பிக் குளித்து லாகின் செய்வதுதான் சரிப்பட்டு வரும்.

வேலைநாளில் ஒரு மணி நேரம்

இரண்டு பேருக்கும் ஆபீஸ் வேறு வேறு திசையில்தான் இருக்கும், இந்த ஊரில் அது எழுதி வைத்த விதி. அதைச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் இருந்து மெட்ரோவின் பர்ப்பிள் லைன் வைட்ஃபீல்டில் தொடங்கி மெஜெஸ்டிக் வழியாகச் செல்லகட்டா வரை முழுதாக ஓடுகிறது. ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே என்றால் நடுவில் கப்பன் பார்க் ஸ்டேஷனில் இறங்கிச் சந்தித்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரே ஒரு நாள், செவ்வாயோ புதனோ, இரண்டு பேர் காலண்டரிலும் ஐந்தரைக்கு மேல் மீட்டிங் வராதபடி பூட்டி வையுங்கள். வெள்ளிக்கிழமையை எடுக்காதீர்கள், அன்றைக்கு ஊரே ரோட்டில் இருக்கும்.

பூங்காவில் உட்காருவதைவிட நடப்பதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசினால் சண்டையில் முடிகிற விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன: அட்வான்ஸ் பணம், ஊரில் அப்பாவின் ஆபரேஷன், குழந்தை இப்போதா அப்புறமா, யார் வேலையை விடுவது. இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டே பேசிப் பாருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, நடுவில் மௌனம் வந்தாலும் உறுத்தாது, காட்டுவதற்கு ஒரு மரம் இருக்கும். எங்கள் வீட்டுப் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படி நடந்தபடி எடுத்தவைதான். உட்காருவதாக இருந்தால் நாலு பேர் பார்வையில் படுகிற புல்வெளியில் உட்காருங்கள், மறைவான இடத்தில் ஜோடியாக உட்கார்ந்தால் காவலாளி விசில் ஊதிக்கொண்டு வருவார், வீண் மனஸ்தாபம். இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள்.

வெளியே வந்ததும் நேரே ஒரு தர்ஷினிக்கு, அதாவது நின்றபடி சாப்பிடுகிற சின்ன ஹோட்டலுக்குப் போங்கள். "ஒந்து காபி, பை டூ" என்று கேட்டால் ஒரு காபியை இரண்டு சின்ன கிளாஸில் பிரித்து, நுரை ததும்ப வைப்பார்கள், பில்லும் ஒன்றுதான். உட்கார நாற்காலி இருக்காது, நெஞ்சு உயர மேசையில் கிளாஸை வைத்து நின்றபடியே குடிக்க வேண்டும். சூடு கையைச் சுடும், நாலு மடக்கில் தீர்ந்துவிடும், அதனால் அளவு சரியாக இருக்கும், ராத்திரித் தூக்கமும் கெடாது. எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த பழக்கம் இதுதான், எந்தப் பெரிய ஹோட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டாலும் இந்த நெருக்கம் வராது.

இன்னொரு மாலைக்கு அல்சூர் ஏரி. பக்கத்துத் தெருக்களில் தமிழ் சகஜமாகக் காதில் விழும், ஏரி அருகே 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலையும் இருக்கிறது. வீட்டில் இருந்தே வேலை என்றால் இவ்வளவுகூட வேண்டாம். ஆறு மணிக்கு அடுத்த ரூமில் இருப்பவரிடம் "பத்து நிமிஷம் கீழ வர்றியா?" என்று கேட்டால் போதும். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, பிளாக்கை ஒரு சுற்று.

சனிக்கிழமையை எப்படிப் பிரிப்பது

வீட்டு வேலை பாக்கி இருக்கும்போது வெளியே போனால் மனசு வீட்டிலேயே இருக்கும். அதனால் வெள்ளி இரவே மெஷினில் துணியைப் போட்டு, டைமர் வைத்து, சனி விடிகாலையில் உலர்த்திவிட்டுக் கிளம்புங்கள். மார்ச் வெயிலில் மதியத்துக்குள் எல்லாம் காய்ந்துவிடும். கோடையில் தண்ணீர் விஷயத்தை மறக்கக் கூடாது. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி ஊரே டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தது. உங்கள் அபார்ட்மென்டில் காவேரித் தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வருகிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டு வைத்துக்கொண்டு துணி துவைக்கிற நாளை அதற்கேற்ப மாற்றுங்கள்.

அப்புறம் லால்பாக். வரிசை முக்கியம்: முதலில் தோட்டம், பிறகு டிபன், கடைசியில் மார்க்கெட், பதினொன்றுக்குள் வீடு. இதை மாற்றினால் கையில் காய்ப்பையோடு வெயிலில் நடக்க வேண்டி வரும். க்ரீன் லைனில் லால்பாக் ஸ்டேஷனில் இறங்கலாம். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இது. எல்லாரும் கண்ணாடி மாளிகையைப் பார்க்கத்தான் ஓடுகிறார்கள், நீங்கள் பாறைக்குப் போங்கள். சுமார் 300 கோடி வருஷப் பழைய பாறை, மேலே கெம்பேகௌடா கோபுரம். காலையில் அந்தப் பாறை இன்னும் சூடேறாமல் இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் சுற்றிலும் மரத்தலைகள் தெரியும், எது பூத்திருக்கிறது என்று மேலிருந்தே பார்த்துவிட்டுப் பிறகு இறங்கி அந்தப் பக்கமாக நடக்கலாம்.

டிபனுக்குக் காந்தி பஜார் வித்யார்த்தி பவன், 1943இல் இருந்து நடக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. தோசை உள்ளே மெத்தென்று, வெளியே நன்றாகச் சிவந்து முறுகலாக இருக்கும். கூட்டம் அதிகம், பெயர் கொடுத்துவிட்டு ஒருவர் காத்திருங்கள், இன்னொருவர் அதற்குள் பூவும் கீரையும் வாங்கிவிடலாம், கடைகள் எதிரிலேயே இருக்கின்றன.

ஞாயிறு அன்று கப்பன் பார்க்குக்குள் வண்டிகள் விடமாட்டார்கள், ரோட்டின் நடுவிலேயே நடக்கலாம். ஞாயிறு மெட்ரோ மற்ற நாட்களைவிடத் தாமதமாகத்தான் தொடங்கும், முந்தின நாளே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நந்தி மலை? சூரிய உதயம் பார்க்க விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, மலையடிவாரத்தில் கார் வரிசையில் நின்று, மதியம் தலைவலியோடு திரும்புவதை ஓய்வு என்று சொல்ல மாட்டேன். போயே ஆக வேண்டும் என்றால் வேலைநாளில் லீவு போட்டுப் போங்கள்.

திருவிழாக் காலம்

யுகாதிக்கு மேல்வீட்டு, எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பம் வேப்பம்பூ வெல்லமும் ஒப்பட்டும் (நம்மூர்ப் போளி) கொடுத்தால் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாதீர்கள். சித்திரை ஒன்றுக்கு நீங்கள் பாயசம் கொடுங்கள். வருஷக்கணக்கில் லிஃப்டில் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகுதான் பேசத் தொடங்குவார்கள்.

ராமநவமி அன்று தெருவுக்குத் தெரு பானகம், நீர்மோர், கோசம்பரி (ஊறவைத்த பருப்பு சாலட்). அதை ஒட்டிச் சாமராஜபேட்டை ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்தில் ஸ்ரீராமசேவா மண்டலியின் இசைவிழா வாரக்கணக்கில் நடக்கும், 1939இல் இருந்து நடத்துகிறார்கள். டிசம்பர் சென்னையை நினைத்து ஏங்குகிறவர்கள் ஏப்ரலில் இங்கே பந்தலில் உட்கார்ந்து கேட்கலாம். பக்கத்தில் மெட்ரோ இருக்கிறது, கே.ஆர். மார்க்கெட் ஸ்டேஷன்.

சைத்ர பௌர்ணமி இரவு கரகம். திகளர் சமூகம் தர்மராயசுவாமி கோயிலில் திரௌபதிக்கு எடுக்கும் விழா. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் தீமிதி பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடனே நெருக்கமாகத் தோன்றும். மல்லிகைப் பூவால் மூடிய கரகத்தைத் தலையில் வைத்து ஒருவர் நள்ளிரவுக்கு மேல் வெளியே வருவார், சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். ஊர்வலம் மஸ்தான் தர்காவுக்கும் போய் வரும். கூட்டம் நெருக்கும், கோயில் வாசலுக்குப் போகாமல் ஊர்வலம் போகிற தெருவில் ஒரு திண்ணை பார்த்து நில்லுங்கள். பையும் நகையும் வீட்டில் இருக்கட்டும், மெட்ரோ அந்த நேரத்துக்கு ஓடாது, திரும்ப வண்டிக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

ஏப்ரல் மழை

ஏப்ரல் மதியம் நல்ல வெயில் அடித்து, நாலு மணிக்கு மேகம் கறுத்தால் மாம்பழ மழை வரப்போகிறது. வெறும் மழை என்றால் நனையலாம், ஆனால் காற்றோடு வரும்போது பழைய குல்மொஹர் கிளைகள் முறிந்து விழும், அதன் கீழ் வண்டியை நிறுத்தாதீர்கள், ஒதுங்கியும் நிற்காதீர்கள், ஒரு கடைக்குள் போய்விடுங்கள். அண்டர்பாஸில் தண்ணீர் நின்றால் வண்டியை இறக்கவே வேண்டாம். இரண்டு ரெயின்கோட் மார்ச்சிலேயே டிக்கியில் இருக்கட்டும்.

மே மாதம் லால்பாக்கில் மாம்பழ மேளா போடுகிற வருஷமாக இருந்தால் துணிப்பை எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். ரஸ்பூரி நன்றாகக் கனிந்ததாகக் கொஞ்சமாக வாங்கி அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், பாதாமியைச் சற்றுக் காயாக வாங்கி அரிசிப் பானையில் வைத்தால் அடுத்த வாரம் புதன்கிழமை நடைக்குப் போய்விட்டு வந்து சாப்பிடச் சரியாக இருக்கும்.