எல்லையோர ஊரிலிருந்து இணையக் கடை: நாமே செய்ய வேண்டியவையும் பிறரிடம் கொடுக்க வேண்டியவையும்

கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்தில் தேனோ நேந்திரங்காய் சிப்ஸோ விற்கிற வீட்டுத் தொழில்காரர்கள், இணையத்தில் விற்கலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலும் இணையதளம் அமைத்துத் தருகிறவரைத் தேடிப் போய் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் ஐம்பது ஆர்டர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும், கூகுளில் கடைக்கென ஒரு பக்கமும், ஒரு யூபிஐ கணக்கும் போதும். இவற்றைத் தொடங்கக் கட்டணம் எதுவும் இல்லை.

வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள கேட்டலாக் என்னும் பொருள் பட்டியலில் ஒவ்வொரு பொருளின் படத்தையும் எடையையும் விலையையும் ஏற்றிவிட்டு, அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிச் சேமித்து வையுங்கள். தேன் விற்பவர் முதலில் எழுதி வைக்க வேண்டியது, தேன் உறைவதைப் பற்றிய பதில். நல்ல தேனும் குளிரில் உறையும் என்பது தெரியாமல், சீனிப்பாகு கலந்துவிட்டீர்கள் என்று கோபப்படும் வாடிக்கையாளர் கட்டாயம் வருவார்; அவருக்கு அந்த நிமிடமே விளக்கம் போய்ச் சேர்ந்தால் அவர் நம்மிடமே நிற்பார். படம் எடுக்கவும் இந்தக் கட்டத்தில் ஆள் வேண்டாம். காலை வெளிச்சம் வரும் சன்னலோரத்தில் வெள்ளைச் சார்ட் அட்டையை வளைத்து நிறுத்தி, வெளிச்சம் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து வரும்படி வைத்தால், ரப்பர்த் தோட்டத் தேனின் நிறம் கைபேசிப் படத்திலேயே தெளிவாகத் தெரியும்.

கடைக்கு வரும் சாதாரண யூபிஐ பணத்துக்கு 2020 முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. ஆர்டர்கள் பெருகிச் சொந்த இணையதளத்தில் கார்டு வழியாகவும் பணம் வாங்கத் தொடங்கினால், பேமென்ட் கேட்வே நிறுவனம் 2 சதவீதம் அளவுக்குக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 500 ரூபாய்ப் பொருளுக்கு அது 11 ரூபாய் 80 காசு. சிறு லாபத்தில் விற்கிறவர் இதை விலை போடும்போதே சேர்த்தாக வேண்டும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் களியக்காவிளையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கேரளத்தில் இருக்கும் பாறசாலைக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ் அனுப்பினாலும் அது மாநிலம் கடந்த விற்பனை. வரிக்குரிய பொருளை அப்படி விற்கத் தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு வேண்டும். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்கவே கூடாது. பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது, எனினும் அதன் பிறகு கணக்குத் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆகவே, முதன்முதலாகக் காசு கொடுத்துப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டிய வேலை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. சிறு வணிகர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வசதி இருக்கிறது; வரி ஆலோசகரிடம் அந்த முறையையே கேட்டு, கட்டணத்தையும் காலாண்டுக் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வழங்கும் 14 இலக்க எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாகச் செலவு செய்யத் தக்கது மலையாள எழுத்து. நம்மில் பலர் மலையாளம் பேசுவோம், ஆனால் எழுதுவது வேறு. 'சர்க்கரை சேர்க்காதது' என்று தமிழில் எழுதியதை அதே சொல்லோடு மலையாளத்துக்கு மாற்றினால், வெல்லம் சேர்க்காதது என்றுதான் அங்குள்ளவர் படிப்பார். அவர்களுக்கு ஷர்க்கர என்பது வெல்லம், சீனிக்குச் சொல் பஞ்சசார. வெல்லப் பாகில் புரட்டிய ஷர்க்கர உப்பேரியை ஓணத்துக்கு விற்க நினைப்பவருக்கு இந்த ஒரு சொல்லே வியாபாரத்தைத் தீர்மானிக்கும். மலையாளவழியில் படித்த கல்லூரி மாணவர் ஒருவரிடம் முதலில் மூன்று பொருள்களுக்கு மட்டும் விவரம் எழுதக் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்து, அதை எல்லைக்கு அப்பால் இருக்கும் உறவினர் ஒருவரிடம் படித்துக் காட்டிய பிறகு மீதியைக் கொடுங்கள்.

யாரிடம் வேலை கொடுத்தாலும் சாவி நம்மிடமே இருக்க வேண்டும். எனக்கு முதலில் இணையதளம் செய்தவர், தளத்தின் முகவரியான டொமைன் பெயரைத் தன் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார். ஓராண்டு கழித்துப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்தப் பெயர் போட்டு அச்சடித்த லேபிள்கள் இரண்டு கட்டு வீணாயின. அதிலிருந்து டொமைனையும் மின்னஞ்சலையும் என் பெயரில் நானே வாங்குகிறேன். கூகுள் பக்கத்தில் உதவியாளருக்கு உரிமையாளர் பொறுப்பைக் கொடுக்காமல் மேலாளர் பொறுப்பை மட்டும் கொடுக்கலாம். லேபிள் வடிவமைப்பவரிடம் அச்சுக்குப் போகும் கோப்போடு திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

கூரியரில் பலர் ஏமாறுவது எடைக் கணக்கில். தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதுவும் உண்மை எடையும் எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. 30, 20, 20 அளவுள்ள பெட்டியில் ஒரு கிலோ சிப்ஸ் வைத்தால் 2.4 கிலோவுக்குப் பணம் கட்ட நேரிடும். தேனுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் மூடி கசியும். அதனால் ஓண ஆர்டர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, மூடிக்குள் சீல் வைத்த பாட்டில் ஒன்றையும் சிப்ஸ் பாக்கெட் ஒன்றையும் திருவனந்தபுரத்தில் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பி, பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.