ஜென்டமைசின் கிருமியைக் கொல்வது எப்படி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜென்டமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற அமினோகிளைக்கோசைட்டு மருந்துகள் என்ன செய்கின்றன என்று கேட்டால், மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பலர் “புரதத் தொகுப்பை நிறுத்தும்” என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அது போதாது. டெட்ராசைக்கிளினும் புரதத் தொகுப்பைத் தடுக்கிறது; ஆனால் பெரும்பாலும் கிருமி பெருகாமல் நிறுத்துவதோடு சரி. அமினோகிளைக்கோசைட்டுகளோ கொன்றே விடுகின்றன.

காரணம், பிழையான புரதம். மருந்து பற்றீரியாவின் இறைபோசோமில், அதாவது புரதம் தொகுக்கும் இடத்தில், 30எஸ் என்ற சிறிய உபஅலகில் ஒட்டிக்கொள்கிறது. சரியான அமினோ அமிலம்தான் வந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் இடம் அது. மருந்து ஒட்டியதும் தவறானதும் உள்ளே சேர்ந்துவிடும். அப்படி உருவான கோணல் புரதங்கள் கலமென்சவ்வில் போய் அமர, சவ்வு ஒழுகும். ஒழுக ஒழுக இன்னும் மருந்து உள்ளே பாயும். பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இதுதான்.

எல்லாக் கிருமிக்கும் இது ஆகும் என்று நினைப்பது அடுத்த தவறு. மருந்து கலத்துக்குள் நுழைய ஒட்சிசன் சார்ந்த சுவாசம் வேண்டும். அதனால் காற்றின்றி வாழும் பற்றீரியா தப்பிவிடும். சீழ்க்கட்டுக்குள்ளும் மருந்தின் வேகம் குறையும்.

நமக்கு முக்கியமானது மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோய். வயல் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வருவது. மட்டக்களப்பிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து கூட. இந்தக் கிருமி ஜென்டமைசினைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். ஆய்வுகூடத்தில் இதை வளர்க்கும் ஆஷ்டவுன் ஊடகத்தில் ஜென்டமைசினையே கலக்கிறார்கள். மற்றக் கிருமிகள் அடங்க, இது மட்டும் வளரும். சிகிச்சைக்குச் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் வேண்டும். ஆகவே மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்பவருக்கு விடாத காய்ச்சல் என்றால், “வயலில் வேலை செய்கிறவர்” என்று டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம், காது. அமினோகிளைக்கோசைட்டுகள் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கலாம். சிறுநீரகம் பழுதானால் பெரும்பாலும் மீளும். இந்த மருந்தால் போன கேள்திறன் திரும்புவதில்லை. நம் கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணிகளின் இறைபோசோம் பற்றீரியாவினதை ஒத்தது. இழைமணியின் டி.என்.ஏ.யில் 1555ஆம் இடத்தில் ஒரு மாற்றம் உள்ளவருக்குச் சில ஊசிகளே காதைப் பறித்துவிடலாம். மட்டக்களப்பில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருவதுபோல இழைமணியும் தாயிடமிருந்தே வருகிறது. அம்மாவின் பக்கத்தில் ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போனவர் யாராவது இருந்தால், முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.