உள்ளரங்கில் பிராக்டிகல் பிஸ்டல் போட்டி: புல்லட் டிராப்பிலிருந்து பின்னோக்கி வரையுங்கள்

திறந்தவெளி ரேஞ்சுக்காக (சுடுதளத்துக்காக) வரைந்த ஸ்டேஜை, அதாவது ஒரு சுற்றுக்கான இலக்கு அமைப்பை, அப்படியே உள்ளரங்கத்துக்குள் கொண்டுவந்தால், பாதி இலக்குகளில் குண்டு அட்டையைத் துளைத்துவிட்டுத் தரையில்தான் போய் மோதும். வெளியே மூன்று பக்கமும் மண்மேடு. எந்தக் கோணத்தில் சுட்டாலும் மண் வாங்கிக்கொள்ளும். உள்ளே குண்டை வாங்கிக்கொள்ள ஒரே இடம்தான்: கடைசிச் சுவரில் இருக்கும் புல்லட் டிராப், அதாவது குண்டுப்பொறி. மிச்சமெல்லாம் கான்கிரீட். இந்த ஒரு வித்தியாசத்தால்தான் கீழே சொல்லும் முக்கால்வாசி விஷயங்கள் வருகின்றன.

துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளவும், ஹோல்ஸ்டரிலிருந்து (இடுப்பு உறையிலிருந்து) எடுத்துச் சுடவும் தெரிந்தவர்கள், முதல்முறையாகக் கிளப் போட்டி நடத்தப்போகிறவர்கள், இவர்களுக்கான குறிப்பு இது. விதிகளுக்கு ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பு) முறையை எடுத்துக்கொள்கிறேன். 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் கொலம்பியாவில் தொடங்கிய அமைப்பு. அதன் விதிப்புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள், இங்கே அதை ஒப்பிக்கப்போவதில்லை.

முதலில் இரண்டு கேள்விகள்

உங்கள் ரேஞ்சில் ஹோல்ஸ்டரிலிருந்து எடுத்துச் சுட அனுமதி உண்டா? சுடும் கோட்டைத் தாண்டி முன்னே போய்ச் சுட அனுமதி உண்டா? கிளப் உரிமத்தையும் காப்பீட்டுத் தாளையும் பார்த்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டாவதற்கு “இல்லை” என்றால் நகரும் ஸ்டேஜ் கிடையாது. கோட்டிலேயே நின்று, எடுத்துச் சுடுதல், மேகசின் மாற்றிச் சுடுதல், ஒற்றைக் கையால் சுடுதல் என்று போட்டி நடத்தலாம். அது ஒன்றும் குறைச்சலான போட்டி இல்லை. புதியவர்களுக்கு அதுவே நல்ல ஆரம்பம்.

ஸ்டேஜ் வரைவது: எல்லாரும் சறுக்கும் இடம்

காகிதத்தில் சுடுபவரை முதலில் வரைந்து, அவருக்கு எதிரே இலக்குகளைப் பரப்புவதுதான் வழக்கம். உள்ளரங்கில் அப்படி வரைந்தால் கணக்கு உதைக்கும்.

புல்லட் டிராப் சுடும் கோட்டிலிருந்து 20 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.எஸ்.சி. அட்டை இலக்கின் உயரம் 57 செ.மீ., அகலம் 45 செ.மீ. அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 1.1 மீட்டரில் இருக்கும்படி, கோட்டிலிருந்து 5 மீட்டரில் நிறுத்துகிறீர்கள். நெஞ்சு உயரம்தானே, பார்க்க ஒழுங்காகவே தெரியும். சுடுபவர் உயரமானவர், குழல்முனை 1.6 மீட்டரில். அடிவிளிம்பில் படும் குண்டு 5 மீட்டரில் அரை மீட்டர் இறங்குகிறது, அதாவது மீட்டருக்கு 10 செ.மீ. அதே கோட்டில் போனால் 16-வது மீட்டரில் தரையைத் தொடும். டிராப்புக்கு இன்னும் 4 மீட்டர் பாக்கி. இலக்கில் பட்ட குண்டுக்கே இந்தக் கதி. தவறிய குண்டு இன்னும் முன்னாலேயே தரையில் உரசி, எழும்பி, எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

இலக்கை உயர்த்தினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். உயர்த்தினால் குட்டையானவர் சுடும்போது குண்டு மேலே ஏறி மேற்கூரையைத் தேடும். சரியான வழி வேறு: இலக்கை டிராப்புக்குப் பக்கத்தில் வையுங்கள், சுடுபவரை முன்னே கொண்டுவாருங்கள். அதே உயரம், அதே 5 மீட்டர் தூரம். ஆனால் இலக்கு டிராப்புக்கு 3 மீட்டர் முன்னால். இப்போது குண்டு இலக்கைத் தாண்டி இன்னும் 30 செ.மீ. மட்டுமே இறங்கி, 80 செ.மீ. உயரத்தில் டிராப்புக்குள் போய்விடும்.

கோட்டைத் தாண்ட அனுமதியில்லாத ரேஞ்சில், கிட்டத்தில் இலக்கு வைக்கும் ஆசையையே விட்டுவிடுங்கள். இலக்குகள் கடைசி சில மீட்டரில்தான் நிற்கவேண்டும்.

பக்கவாட்டிலும் இதே கணக்கு. ஹாலின் அகலம் 6 மீட்டர். சுடுபவர் வலது சுவரிலிருந்து 1 மீட்டரில், இலக்கு இடது சுவரிலிருந்து 1 மீட்டரில், நடுவே நேர்த்தூரம் 5 மீட்டர். குண்டு இலக்கைத் தாண்டிய ஒன்றேகால் மீட்டரில் இடது சுவரில் மோதும். இலக்கை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால் பிழைத்தது. மூலைக்கு மூலை குறுக்காகச் சுடும் ஆசை உள்ளரங்கில் வேண்டாம்.

கணக்கைக் காகிதத்தோடு விடாதீர்கள். ஸ்டேஜ் போட்டு முடித்ததும் இருவர் ஒரு நூல்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சுடும் இடத்தில் கண் உயரத்தில் நூல்முனையைப் பிடிக்க, மற்றவர் அதை இலக்கின் விளிம்பை ஒட்டி டிராப் வரை இழுக்கவேண்டும். நான்கு விளிம்புக்கும், ஒவ்வொரு சுடும் இடத்திலிருந்தும். வந்திருப்பவர்களில் மிக உயரமானவரையும் மிகக் குட்டையானவரையும் நிறுத்திப் பாருங்கள். மண்டியிட்டுச் சுடும் இடம் இருந்தால் மண்டியிட்டும். நூல் டிராப்பின் ஓரத்திலிருந்து 30 செ.மீ. உள்ளேயாவது விழவேண்டும், தவறும் குண்டுக்கு அந்த இடைவெளி. லேசர் பேனாவும் வேலை செய்யும். ஆனால் நூலை நான்கு பேர் பார்க்கலாம், வாதாட இடமிருக்காது. எனக்கு நூல்தான்.

இன்னொன்று: சுடுபவர் இரண்டு இடங்களுக்கு நடுவே எங்கிருந்து வேண்டுமானாலும் சுடலாம் என்று விட்டிருந்தால், அந்த நடுவழியிலும் நூல் பிடிக்கவேண்டும். ஆபத்தான கோணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடைக்க முடியாவிட்டால் ஃபால்ட் லைன் (கால் தாண்டக்கூடாத எல்லைக்கோடு) போட்டு அந்த இடத்தை வெட்டிவிடுங்கள்.

எத்தனை தோட்டா, எத்தனை ஸ்டேஜ்

விதிப்படி குறும் ஸ்டேஜுக்கு அதிகபட்சம் 12 தோட்டா, நடுத்தரத்துக்கு 24, நீள ஸ்டேஜுக்கு 32. உள்ளரங்கில் 12 முதல் 18 வரை போதும். இடமில்லாத இடத்தில் 32 தோட்டா ஸ்டேஜ் போட்டால் அது வெறும் தோட்டாச் செலவு.

ஒருவர் சுட்டு, மதிப்பெண் எடுத்து, ஓட்டை ஒட்டி, அடுத்தவர் வந்து நிற்க 4 நிமிடம் என்று வையுங்கள். 12 பேர், 3 ஸ்டேஜ்: 144 நிமிடம். ஒரே ஹால் என்பதால் இரண்டு குழு ஒரே நேரத்தில் சுட முடியாது. அதனால் இலக்குகளை ஒரே முறை நிறுத்திவிட்டு, அதன் மேலேயே இரண்டு மூன்று ஸ்டேஜ் எழுதுங்கள். முதலாவது இடப்பக்கப் பெட்டியில் தொடங்கி, இரண்டாவது காலி துப்பாக்கியோடு மேசையில் தொடங்கி, மூன்றாவது நடுவில் கட்டாய மேகசின் மாற்றத்தோடு. தட்டுமுட்டுச் சாமான்களை இழுத்துப்போடும் அரைமணி மிச்சம்.

நகரும் திசையையும் யோசியுங்கள். வலக்கைக்காரர் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும்போது குழல்முனை பக்கச் சுவரைத் தாண்டிப் பின்னே திரும்பப் பார்க்கும். புதியவர்கள் தகுதியிழப்பது அநேகமாக இந்த இடத்தில்தான். அவர்களுக்கு இடமிருந்து வலம், அல்லது நேர் முன்னே. பின்னோக்கி நகரும் ஸ்டேஜ் குறுகிய ஹாலில் வேண்டவே வேண்டாம், பின்னால் ஆர்.ஓ. (ரேஞ்ச் ஆஃபீசர், சுடுபவரை நடத்தும் அதிகாரி) நிற்கிறார்.

குழல்முனைக்குப் பொது எல்லை இருபுறமும் 90 டிகிரி. உள்ளரங்கில் அதைச் சுருக்கலாம், விதியே இடம் தருகிறது. ஆனால் ஸ்டேஜ் குறிப்பில் எழுதியிருக்கவேண்டும், இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணில் படும்படி சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கவேண்டும். “சுமார் இந்தத் தூண் வரை” என்று கைகாட்டுவது பிறகு சண்டையில் முடியும்.

சாமான்கள்

இலக்குத் தாங்கி முழுக்க மரமாக இருக்கட்டும். இரும்புப் பாதம் வைத்த தாங்கி வெளியே நல்லது, உள்ளே அதில் படும் குண்டுச் சிதறல் சுவரில் பட்டுத் திரும்பிவரும். மரப்பாதத்தின் மேல் மணல்மூட்டை வைத்தால் அசையாது. இரும்புத் தட்டு இலக்குகளுக்கு விதிப்படி 7 மீட்டர் குறைந்தபட்ச தூரம். மூன்று பக்கமும் கெட்டிச் சுவர் உள்ள ஹாலில் 7 மீட்டருக்கு அப்பாலும் நான் வைக்கமாட்டேன். சவால் வேண்டுமென்றால் சுடக்கூடாத வெள்ளை அட்டையை (நோ-ஷூட்) இலக்கைப் பாதி மறைக்கும்படி வையுங்கள், அதுவே போதும்.

தடுப்புச் சுவருக்குப் பிளைவுட் பலகை அடிக்காதீர்கள். காரணம் காற்று. உள்ளரங்கில் காற்று சுடுபவரின் முதுகுப்பக்கமிருந்து டிராப் பக்கம் சீராக ஓடி ஈயப்புகையைக் கொண்டுபோகவேண்டும். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைப்பது, சுடும் கோட்டில் நிமிடத்துக்கு 75 அடி, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 0.38 மீட்டர். நடுவில் முழுப் பலகையை நிறுத்தினால் காற்று சுழன்று, புகை பலகைக்குப் பின்னால் நிற்பவர் முகத்திலேயே தங்கும். மரச்சட்டத்தில் பிளாஸ்டிக் வலை அடித்தால் பார்வைக்குத் தடுப்பு என்று புரியும், காற்றும் போகும். வலைக்கு அப்பால் தெரிகிறதே என்று கேட்டால், “வலை என்றால் சுவர்” என்று குறிப்பில் ஒரு வரி எழுதினால் முடிந்தது.

மற்றவை: பழுப்பு, வெள்ளை, கறுப்பு ஒட்டுகள், இரண்டு ஸ்டேப்ளர், ஃபால்ட் லைனுக்கு மரப்பட்டி. தரையில் டேப் மட்டும் ஒட்டினால் மிதித்தது காலுக்குத் தெரியாது. கான்கிரீட்டில் உருளும் காலித் தோட்டாக் கூடுகளை ஒவ்வொருவர் சுட்ட பிறகும் ஓரம் தள்ளுங்கள், ஓடும்போது காலடியில் உருண்டால் துப்பாக்கியோடு விழுவார்கள். ஆனால் உலர்ந்த துடைப்பம் கூடாது, ஈயத்தூசு பறக்கும். ஈரமான மாப் போதும்.

டைமர்

வெடிச்சத்தத்தைக் கேட்டு நேரம் குறிக்கும் டைமர்தான் உள்ளரங்கில் அதிகம் ஏமாற்றும். சுவரில் பட்டு வரும் எதிரொலியை அது இன்னொரு வெடியாக எண்ணிக்கொள்ளும். நடுவில் எண்ணினால் பாதிப்பில்லை. கடைசி வெடிக்குப் பிறகு எண்ணினால் நேரம் நீண்டுவிடும்.

ஓர் உதாரணம். 12 தோட்டா, 60 புள்ளி ஸ்டேஜ், மைனர் பிரிவு (சக்தி குறைந்த தோட்டா). இலக்கின் ஏ பகுதிக்கு 5 புள்ளி, சி பகுதிக்கு 3. 9 ஏ, 3 சி: 45-ம் 9-ம் சேர்ந்து 54. நேரம் 9.00 நொடி. ஹிட் ஃபேக்டர் என்பது புள்ளியை நேரத்தால் வகுத்தது, ஆக 6.0. எதிரொலியால் 9.18 என்று பதிவானால் 5.88. இரண்டு பேர் ஒட்டி வரும் போட்டியில் இடம் மாற இது போதும்.

போட்டிக்கு முன் ஒருவரை 6 தோட்டா சுடச் சொல்லி டைமரில் எண்ணிக்கையைப் பாருங்கள். 6-க்கு மேல் காட்டினால் உணர்திறனைக் குறையுங்கள். எதிரொலி அமைப்பு உள்ள டைமர் என்றால் அந்த இடைவெளியை ஏற்றுங்கள். இரண்டு வெடிக்கு நடுவே 0.10 நொடிக்கும் குறைவு என்று காட்டினால் அது விரல் இல்லை, சுவர். ரொம்பவும் குறைத்தால் கடைசி வெடியைப் பிடிக்காமல் விட்டுவிடும், அதுவும் தப்பு. நேரம் பிழை என்று உறுதியானால் மறுபடி சுடவைப்பதுதான் விதி, மனக்கணக்கில் திருத்தக்கூடாது. சுட்டவர் ஸ்லைடை இழுத்துக் காலி காட்டும் சத்தத்தைக்கூடச் சில டைமர்கள் எண்ணிவிடும், அதற்குமுன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ. நடத்தும் விதம்

கட்டளைகளை ஆங்கிலத்தில் உள்ளபடியே, வரிசை மாறாமல் சொல்லவேண்டும்: “லோட் அண்ட் மேக் ரெடி”, “ஆர் யூ ரெடி”, “ஸ்டாண்ட்பை”. பிறகு 1 முதல் 4 நொடிக்குள் டைமர் ஒலி. முடிந்ததும் “இஃப் யூ ஆர் ஃபினிஷ்ட், அன்லோட் அண்ட் ஷோ கிளியர்”, “இஃப் கிளியர், ஹேமர் டவுன், ஹோல்ஸ்டர்”, “ரேஞ்ச் இஸ் கிளியர்”. காதடைப்பானும் இயர்மஃப்பும் இரண்டும் போட்டிருப்பார்கள், ஆகவே தொண்டையிலிருந்து வரவேண்டும் குரல். ஆர்.ஓ. பார்க்கவேண்டியது துப்பாக்கியையும் விரலையும். இலக்கில் ஓட்டை விழுந்ததா என்பது அவர் வேலை இல்லை.

நகரும்போதும் மேகசின் மாற்றும்போதும் விரல் டிரிகர் வளையத்துக்குள் இருந்தால், குழல்முனை எல்லை தாண்டினால், துப்பாக்கி கீழே விழுந்தால், தகுதியிழப்பு. புதியவர் என்று இரக்கம் காட்டாதீர்கள், நண்பர் என்றும்.

“ரேஞ்ச் இஸ் கிளியர்” சொன்னதும் எல்லாரும் பாய்ந்து முன்னே போவார்கள். புகை இன்னும் இலக்குப் பக்கம்தான் இருக்கிறது. அது விலகும் வரை நிறுத்திவையுங்கள். மதிப்பெண் சொல்லி எழுதிய பிறகே ஒட்டு. இலக்கின் இரண்டு பகுதிகளுக்கு நடுவிலுள்ள கோட்டைத் தொட்ட ஓட்டைக்கு உயர்ந்த மதிப்பெண். தவறியதற்கு 10 கழிவு, நோ-ஷூட்டுக்கு 10 கழிவு. ஒட்டாமல் விட்ட பழைய ஓட்டையால் எது யாருடையது என்று தெரியாமல் போனால், அடுத்தவர் மறுபடி சுடவேண்டியதுதான். மதிப்பெண்ணுக்கு பிராக்டிஸ்கோர் செயலி வசதி. கூடவே ஒரு காகிதத் தாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை, முகம். அதுவரை தின்பண்டம் கிடையாது.

பின்சேர்க்கை

பாதுகாப்பு மேசையை, அதாவது தோட்டா இல்லாத துப்பாக்கியைப் பையிலிருந்து எடுக்கவும் வைக்கவும் உள்ள மேசையை, எங்கே போடுவது என்று கேட்கிறார்கள். குழல்முனை நோக்கும் சுவர் குண்டு தாங்குமா, அதற்கு அப்பால் ஆள் இருக்கிறார்களா என்று தெரியாவிட்டால் மேசையே வேண்டாம். ஆர்.ஓ. கட்டளைப்படி சுடும் கோட்டிலேயே, டிராப்பைப் பார்த்தபடி, பையிலிருந்து எடுத்து ஹோல்ஸ்டரில் வைக்கச் சொல்லுங்கள். சுட்டு முடித்ததும் அதேபோல் அங்கேயே பைக்குள்.

.22 துப்பாக்கியோடு வருபவர்களுக்கு, 9 மி.மீ.-க்காகக் குறைத்துவைத்த உணர்திறனில் டைமர் பாதி வெடியை விட்டுவிடும். அவர்களைத் தனிக் குழுவாகக் கடைசியில் சுடவைத்து, டைமரை மறுபடி 6 தோட்டாவில் சோதித்துக்கொள்ளுங்கள்.

இடக்கைக்காரர்களுக்கு மேலே சொன்ன திசை தலைகீழ். ஸ்டேஜை அவர்களுக்காக மாற்ற முடியாது; நகரத் தொடங்குமுன்பே நின்ற இடத்தில் மேகசின் மாற்ற விட்டுவிடுங்கள், ஆர்.ஓ.-வும் அவர்கள் இடப்பக்கம் நிற்கட்டும்.